நாற்பத்தாறில் ஒன்பது

ரம்மி ஆடத் தெரிந்தவருக்குப் போக்கரின் முதல் பாடம் ஏற்கெனவே தெரியும். பதின்மூன்று சீட்டும் கைக்கு வந்ததும் அவர் முதலில் யோசிப்பது எப்படி ஜெயிப்பது என்பதை அல்ல, இந்தக் கையை ஆடலாமா, டிராப் செய்துவிடலாமா என்பதைத்தான். தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் மடிமேல் பையை வைத்துச் சீட்டுப் போடுகிறவர்களானாலும், கல்யாண மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு முந்தைய இரவைச் சீட்டில் கழிக்கிறவர்களானாலும், பெரும்பாலும் ஒரே கணக்குதான். முதல் சீட்டு எடுக்கும் முன்பே விலகினால் 20 புள்ளி, நடுவில் விலகினால் 40, கடைசிவரை நின்று தோற்றால் அதிகபட்சம் 80.

இந்த 20 புள்ளி மிகச் சிறந்த ஆசிரியர். ஆறு பேர் ஆடுகிறார்கள். உங்கள் கையில் ஜோக்கர் இல்லை, ரம்மி சேர்வதற்கான அறிகுறியும் இல்லை. இப்படிப்பட்ட கையோடு நின்றால் ஆறில் ஒருமுறை ஜெயிப்பீர்கள், தோற்கும்போது சராசரியாக 55 புள்ளி ஏறும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நிற்பதன் சராசரி விலை ஏறக்குறைய 46 புள்ளி. விலகுவதன் விலை 20. விலகுவதே சரி. ஆனால் விலகிய பிறகு சும்மா இருக்க முடியாமல் கட்டிலிருந்து அடுத்து வந்திருக்கக்கூடிய சீட்டுகளைப் புரட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. அங்கே இரண்டு ஜோக்கர் அடுத்தடுத்து இருந்துவிட்டால், “விட்டிருக்கக் கூடாது” என்பார்கள். இந்த அத்தியாயம் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது. அதில் இருக்கும் பிழை சீட்டாட்டத்தோடு நின்றுவிடுவதில்லை.

போக்கர் வகைகளில் இன்று உலகெங்கும் ஆடப்படுவது டெக்சாஸ் ஹோல்டம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்துத் தரப்படும். மேசை நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறக்கப்படும்: முதலில் மூன்று (ஃபிளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). ஏழில் மிகச் சிறந்த ஐந்தை வைத்திருப்பவர் ஜெயிப்பார். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், கட்டியவருக்கு ஈடு கொடுக்கலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்து விலகலாம். நடுவில் சேரும் குவியலுக்குப் பாட் என்று பெயர். நாம் புளியங்கொட்டை வைத்து ஆடுவோம். கற்றுக்கொள்ள அது போதும். பணம் ஏன் வேண்டாம் என்பதற்கான கணக்கு பின்னால் வரும்.

உங்கள் கையில் ஆர்ட்டின் ஆஸும் ஆர்ட்டின் ஏழும். மேசையில் ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் ஜாக்கி, ஸ்பேடு ஒன்பது, கிளாவர் நாலு. ரிவர் மட்டும் பாக்கி. எதிராளி ஆடும் விதத்தைப் பார்த்தால் இப்போதைக்கு அவர் கை உங்களுடையதைவிட மேல். இன்னொரு ஆர்ட்டின் வந்தால் ஐந்தும் ஒரே இனமாகி, ஃபிளஷ் சேர்ந்து நீங்கள் ஜெயிப்பீர்கள். வராவிட்டால் தோல்வி. பாட்டில் 300 கொட்டை இருக்கிறது. எதிராளி 100 கட்டுகிறார். நீங்கள் 100 கொடுத்து நிற்பதா, விலகுவதா?

பழக்கமில்லாதவர் இங்கே எதிராளியின் முகத்தைப் பார்ப்பார், தன் ராசியைப் பார்ப்பார், போன தடவை என்ன ஆனது என்று நினைத்துப் பார்ப்பார். எண்ணிப் பார்த்தால் விடை தெளிவு. கட்டில் ஆர்ட்டின் 13. நாலு உங்கள் கண்முன் இருக்கிறது, பாக்கி 9. நீங்கள் பார்த்த சீட்டு ஆறு, பார்க்காதது 46. ஆக நாற்பத்தாறில் ஒன்பது வாய்ப்பு, ஏறக்குறைய 19.6 சதவீதம். இதே நிலைமை 46 முறை வந்து, ஒவ்வொரு சீட்டும் ஒருமுறை ரிவரில் விழுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். 9 முறை தலா 400 கிடைக்கும்: 3,600. 37 முறை தலா 100 போகும்: 3,700. மொத்தத்தில் 100 கொட்டை நஷ்டம், அதாவது ஒரு ஆட்டத்துக்கு இரண்டு கொட்டை. விலகுவதே சரி, ஆனால் மயிரிழையில்.

இப்போது ஒன்றை மட்டும் மாற்றுவோம். பாட்டில் 300-க்குப் பதில் 400. எதிராளி கட்டியது அதே 100. சீட்டும் அதே, வாய்ப்பும் அதே. ஆனால் ஜெயித்தால் கிடைப்பது 500. 9 முறைக்கு 4,500 வரவு, 37 முறைக்கு 3,700 செலவு. 800 கொட்டை லாபம், ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 17. இந்த முறை நிற்பதே சரி.

இந்த இரண்டாவது கணக்கை நிதானமாக உள்வாங்க வேண்டும். நிற்பது சரியான முடிவு. அப்படி நின்றவர் 46-ல் 37 முறை தோற்பார். ஐந்தில் நாலு முறை அவர் கையிலிருந்து 100 கொட்டை போகும், பக்கத்தில் இருப்பவர் “ஏன்யா நின்னே?” என்பார், அவருக்கே தன்மேல் சந்தேகம் வரும். முதல் கணக்கில் தவறாக நின்றவரோ ஐந்தில் ஒருமுறை 400 கொட்டையை வாரிக்கொண்டு, தன் தைரியத்தைப் பற்றி எல்லோரிடமும் சொல்வார். அடுத்த முறையும் நிற்பார். விளைவை மட்டும் பார்த்துப் பாடம் படிப்பவர் மேசையில் தவறான பாடத்தையே படிக்கிறார், அதுவும் மகிழ்ச்சியோடு படிக்கிறார்.

ஜோனதன் பாரன், ஜான் ஹெர்ஷி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1988-இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். இதய நோயுள்ள 55 வயது மனிதர் ஒருவருக்கு அறுவை சிகிச்சை செய்வதா என்று மருத்துவர் தீர்மானிக்க வேண்டும். இந்தச் சிகிச்சையில் நூற்றுக்கு எட்டுப் பேர் இறக்கிறார்கள். மருத்துவர் செய்யலாம் என்று முடிவெடுக்கிறார். ஒரு கதையில் நோயாளி பிழைக்கிறார், இன்னொன்றில் இறக்கிறார். மற்ற விவரங்கள் எல்லாம் ஒன்றுதான். மருத்துவரின் முடிவை மதிப்பிடுங்கள் என்று கேட்டபோது, பிழைத்த கதைக்கு மக்கள் கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள். முடிவெடுத்த நேரத்தில் மருத்துவருக்குத் தெரிந்தது இரண்டிலும் ஒன்றே என்பது கண்முன் இருந்தும் அப்படிக் கொடுத்தார்கள். இதை நான் மனித அறிவின் மிக ஆழமான பலவீனங்களில் ஒன்றாகவே கருதுகிறேன். மருத்துவமனை வாசலில், பள்ளித் தேர்வு முடிவுகளில், வீட்டுக்குள் நடக்கும் சண்டைகளில் எல்லாம் இது வேலை செய்கிறது.

போக்கர் கற்பவர் அடுத்துத் தடுக்கி விழும் இடம், பாட்டில் தான் ஏற்கெனவே போட்ட கொட்டை. “இவ்வளவு போட்டாச்சு, இப்போ எப்படி விடறது?” மேலே பார்த்த கணக்கைத் திரும்பப் பாருங்கள். பாட்டில் இருந்த 300-ல் உங்களுடையது எவ்வளவு என்ற கேள்வியே அதில் எழவில்லை. அது முழுவதும் பரிசு. 50 கொட்டை போட்டவருக்கும் 200 போட்டவருக்கும் இந்த நிமிடத்தில் கணக்கு ஒன்றுதான். போட்டது போனதுதான், ஜெயித்தால் வருவது மட்டுமே மிச்சம். ரம்மியில் 40 கொடுத்து விலக மனமில்லாமல் 80 வாங்குகிறவர் செய்யும் தவறும் இதுவே.

தோற்றுக்கொண்டிருக்கும் மனம் இதைக் கேட்பதில்லை. டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட கட்டுரை, இழப்பின் வலி அதே அளவு லாபத்தின் இன்பத்தைவிடக் கூடுதல் என்றும், நஷ்டத்தில் இருப்பவர் அதைச் சரிக்கட்ட வழக்கமாக ஏற்காத அபாயத்தையும் ஏற்க முனைவார் என்றும் காட்டியது. அதற்கு முன்பே 1956-இல் வில்லியம் மக்லாத்லின் என்பவர் அமெரிக்கக் குதிரைப் பந்தயக் கணக்குகளை ஆராய்ந்திருந்தார். நாளின் கடைசிப் பந்தயங்களில் ஜெயிக்க வாய்ப்பே குறைவான குதிரைகள்மீது பணம் குவிவதற்கான தடயங்கள் அவற்றில் இருந்தன. வீட்டுக்கு நஷ்டத்தோடு போக மனம் வராதது காரணமாக இருக்கலாம். கிண்டிப் பந்தய மைதானத்தில் மாலையைக் கழித்தவர்களுக்கு இந்த ஆய்வை விளக்க வேண்டியதில்லை. போக்கர்காரர்கள் இந்த மனநிலையை டில்ட் என்கிறார்கள். அதற்கு நான் அறிந்த ஒரே மருந்து, எழுந்து போகும் அளவை உட்காரும் முன்பே எழுதி வைப்பது. மேசையில் தோற்றுக்கொண்டிருக்கும் மனிதர் அந்த எல்லையைத் தீர்மானிக்கத் தகுதியானவர் அல்லர்.

கிண்டியைச் சொன்னதால் நீதிமன்றத்தையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் சீட்டாட்டம் பற்றிய வழக்குகள் எல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றுகின்றன: இது திறமையா, அதிர்ஷ்டமா? 1960களின் இறுதியில் உச்ச நீதிமன்றம் ரம்மியை முதன்மையாகத் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. விழுந்த சீட்டை நினைவில் வைப்பதும், எதை வைத்து எதைப் போடுவது என்பதும் திறமை என்பது அதன் வாதம். மூன்று சீட்டு போன்ற ஆட்டங்களை அதே தீர்ப்பு வேறாகப் பார்த்தது. 1996-இல் கிண்டி தொடர்பான வழக்கில் குதிரைப் பந்தயமும் திறமையின் பக்கம் வந்தது. தமிழக அரசு 2020 நவம்பரில் பணம் வைத்து ஆடும் இணைய ரம்மியையும் போக்கரையும் அவசரச் சட்டம் போட்டுத் தடுத்தது. அடுத்து வந்த சட்டத்தை 2021 ஆகஸ்ட் 3-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு புதிய சட்டம் வந்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று சேர்த்திருந்த அட்டவணையை நீக்கியது.

கணிதத்திடம் இதே கேள்வியைக் கேட்டால், அது திருப்பி ஒரு கேள்வி கேட்கும்: எத்தனை ஆட்டம்? எதிராளியைவிடத் தெளிவாகத் திறமையானவர், ஒவ்வொரு ஆட்டத்திலும் 60 சதவீதம் ஜெயிக்கக்கூடியவர் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். பத்து ஆட்டம் ஆடினால் அவர் பாதிக்கும் குறைவாக ஜெயிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறில் ஒன்று. நூறு ஆட்டத்தில் அது நூற்றுக்கு இரண்டாகச் சுருங்கும். ஓர் ஆட்டத்தில் அதிர்ஷ்டம் பேசும், பல்லாயிரம் ஆட்டத்தில் திறமை பேசும். 2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல் நான்கு தொழில்முறைப் போக்கர் வீரர்களோடு மோதியது. யார் மேல் என்று நம்பிக்கையோடு சொல்ல 20 நாளில் 1,20,000 ஆட்டம் ஆட வேண்டியிருந்தது. அதுவும் போதாமல், ஒரு அறையில் மனிதருக்குக் கொடுத்த சீட்டை இன்னொரு அறையில் கணினிக்குக் கொடுத்து அதிர்ஷ்டத்தின் பங்கைக் குறைத்தார்கள். கணினி ஜெயித்தது.

அலுவலகம் முடிந்து பல்லாவரத்திலோ பெருங்களத்தூரிலோ வீட்டில் உட்கார்ந்து கைபேசியில் ஆடியவருக்கு 1,20,000 ஆட்டம் வரை தாங்கும் பணம் இருந்ததில்லை. அவர் பணம் சில ஆட்டங்களிலேயே தீர்ந்துவிட்டது, அங்கே அதிர்ஷ்டம்தான் ராஜா. இன்னொன்றும் உண்டு. ஆட்டம் நடத்திய நிறுவனம் ஒவ்வொரு பாட்டிலும் கழிவு எடுத்தது. இருவர் தலா 100 கட்டுகிறார்கள், நிறுவனம் பத்து சதவீதம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெயித்தவருக்கு 180. அதாவது ஜெயித்தால் 80 லாபம், தோற்றால் 100 நஷ்டம். கையைக் கடிக்காமல் ஆடவே நூற்றுக்கு 56 ஆட்டம் ஜெயிக்க வேண்டும். சம திறமையுள்ள இருவர் நெடுநேரம் ஆடினால் இருவருமே தோற்பார்கள். திறமை சார்ந்த ஆட்டம் என்ற நீதிமன்றச் சொல், அதில் இறங்குகிற எளிய மனிதருக்குத் திறமை இருக்கிறது என்றோ, இருக்கும் திறமை போதும் என்றோ சொல்லவில்லை. தமிழகத்தில் கடனில் மூழ்கி உயிரை விட்டவர்களின் குடும்பங்களை நினைக்கும்போது, இந்த எளிய கணக்கைப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்று மனம் அடித்துக்கொள்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்றே பார்க்காமல் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் எல்லாவற்றையும் தடுத்தது. அதை நான் வரவேற்கிறேன்.

பெல் ஆய்வகத்தில் வேலை செய்த ஜான் கெல்லி 1956-இல் எழுதிய கட்டுரை இதே இடத்தை இன்னொரு பக்கத்திலிருந்து தொடுகிறது. 60 சதவீதம் உங்களுக்குச் சாதகமான ஒரு நாணயம். சரியாகச் சொன்னால் வைத்த அளவு லாபம். ஒவ்வொரு முறையும் பந்தயம் கட்டுவது சரியான முடிவுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் கையில் இருப்பதை முழுதாக வைத்தால், பத்து முறைக்குப் பிறகும் ஒரு ரூபாயாவது மிஞ்சும் வாய்ப்பு ஆயிரத்தில் ஆறு. கெல்லியின் சூத்திரப்படி இந்த நாணயத்துக்குக் கையிருப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வைக்கக் கூடாது. சரியான பக்கத்தில் இருப்பது ஒன்று, அடுத்த ஆட்டத்துக்கும் இருப்பது வேறொன்று. சரியான முடிவும் தோற்கும் என்பதை உண்மையிலேயே ஏற்றுக்கொண்டவருக்கு மட்டுமே இந்த இரண்டாவது விஷயம் பிடிபடும்.

சீட்டை மூடிவிட்டு முடிச்சூர் பக்கம் போவோம். கையில் இருப்பதை முழுதாக வைக்கும் ஆட்டத்தை நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் ஆடுகிறோம்: வீடு கட்டும்போது. 2000-க்குப் பிறகு மேற்குத் தாம்பரம், முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மனை வாங்கியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு மழையைப் பார்த்தார்கள். பெரும்பாலான ஆண்டுகளில் தண்ணீர் தெருவோடு நின்றது. அப்படிப்பட்ட ஒவ்வொரு ஆண்டும் மனை வாங்கியது சரி என்று சொல்லும் ஒரு சாட்சியாகச் சேர்ந்தது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அடையாற்றின் தொடக்கம் ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள். அவற்றின் உபரி நீர் இந்தத் தாழ்வான ஊர்கள் வழியாகத்தான் கடலை நோக்கிப் போயாக வேண்டும். வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அந்த இரவைப் பற்றிய பேச்சில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறக்கப்பட்ட 29,000 கன அடிதான் முதலில் வரும். அந்த ஏரியின் நிர்வாகத்தை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரும் குறை கூறினார். ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம், முடிச்சூரைத் தாண்டிய பிறகு. முடிச்சூரை முதலில் மூழ்கடித்தது அதற்கு மேலே உள்ள அந்த ஏரிகளின் நீர்.

மனை வாங்கிய முடிவு 2014 வரை சரியாகவும் 2015-இல் தவறாகவும் ஆகிவிட்டதா? முடிவு அன்றும் ஒன்றுதான், பிறகும் ஒன்றுதான். வாங்கிய நாளில் தெரிந்திருக்கக்கூடியவை என்ன என்றே கேட்க வேண்டும். நிலம் தாழ்வு, பக்கத்தில் ஆறு, பழைய ஆட்கள் வெள்ளத்தை நினைவு வைத்திருக்கிறார்கள். நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்று பொறியாளர் சொல்லும்போது அது நம் காலத்தில் வராது என்று காதில் விழுகிறது. அதன் பொருள் ஆண்டுக்கு ஒரு சதவீத வாய்ப்பு. முப்பது ஆண்டு வீட்டுக் கடன் கட்டி முடிப்பதற்குள் அது ஒருமுறையாவது வரும் வாய்ப்பு 26 சதவீதம். நாற்பத்தாறில் ஒன்பதைவிட அதிகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் மறுபடி தண்ணீர் வந்தது. அடித்தளத்தை நாலடி உயர்த்திக் கட்டியவரிடம் இடைப்பட்ட ஆண்டுகளில் “வீண் செலவு” என்று சொன்னவர்கள் சீட்டுக்கட்டைப் புரட்டிப் பார்த்தவர்களின் உறவினர்கள். வெள்ளமே வராமல் போயிருந்தாலும் அந்த நாலடி சரியான முடிவுதான்.

போக்கரில் தேறுவதற்கு உண்மையில் பயிற்சி தேவைப்படுவது இரண்டுக்குத்தான்: வாய்ப்பை எண்ணாகச் சொல்வதற்கும், சொன்ன எண் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கும். இதைக் கற்க, சீட்டைவிடத் தாம்பரத்து வானம் நல்லது என்பது என் கருத்து. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஒவ்வொரு நாள் காலையிலும், நாளைக் காலைக்குள் மழை வருமா என்பதை நூற்றுக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். “வரும்போலத் தெரிகிறது” என்று எழுதாதீர்கள், 70 என்று எழுதுங்கள். காரணத்தையும் ஒரு வரி எழுதுங்கள். மறுநாள் காலை 8.30 மணிக் கணக்கில் மீனம்பாக்கத்தில் எவ்வளவு பதிவானது என்று பாருங்கள். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் வானிலைத் துறைக் கணக்கில் அது மழை நாள்.

மதிப்பெண் போடும் முறையை 1950-இல் கிளென் பிரையர் என்ற வானிலையாளர் கொடுத்தார். 70 என்று எழுதி மழை வந்தால், விட்டுப்போன 0.3-ஐ அதனாலேயே பெருக்குங்கள்: 0.09. வராவிட்டால் 0.7-ஐ அதனாலேயே பெருக்குங்கள்: 0.49. மொத்த நாள்களின் சராசரி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. எதையும் யோசிக்காமல் தினமும் 50 என்று எழுதுகிறவருக்குக் கிடைப்பது 0.25. அவரைத் தாண்டுவதே முதல் இலக்கு. டிசம்பர் முடிவில் நோட்டை எடுத்து, 70 என்று எழுதிய நாள்களை மட்டும் தனியே எண்ணுங்கள். பத்தில் ஏழு நாள் மழை வந்திருந்தால் உங்கள் 70 நம்பத்தக்கது. பத்தில் நாலு நாள்தான் வந்தது என்றால் நீங்கள் துணிச்சல்காரர், புளியங்கொட்டை மேசையிலும் தேவைக்கு மேல் நின்றுகொண்டிருப்பீர்கள். பத்துக்குப் பத்தும் வந்திருந்தால் நீங்கள் பயந்த சுபாவம், ஜெயிக்க வேண்டிய கைகளையும் கவிழ்த்துவிட்டுப் போகிறீர்கள். இரண்டுக்கும் திருத்தம், அடுத்த அக்டோபரில் எழுதும் எண்ணில்தான்.